பழைய மோட்டார் வண்டி: செப்பனிடுவதா, விற்பதா?

மோட்டார் வண்டிக்கு வயதானால் எஞ்சினில் கோளாறு தோன்றுவது இயல்பு. அதனைச் செப்பனிடுவதா, விற்றுவிடுவதா என்று முடிவு செய்யுமுன், நோயின் மூலத்தை அறிதல் வேண்டும்.

புகையே முதற்சான்று. நீலப் புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை பெட்ரோல் மிகுதியாகச் செல்வதைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை, குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசிவதைக் காட்டும். அடுத்து, சிலிண்டரின் அழுத்தத்தை மானி கொண்டு அளக்கலாம். அது குறைந்திருந்தால், உள்ளே சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பார்கள். எண்ணெய் பிஸ்டன் வளையங்களின் இடைவெளியை அடைப்பதால் அழுத்தம் உயருமானால், தேய்ந்தவை வளையங்களோ சிலிண்டர்ச் சுவரோ ஆகும். உயராவிடில், குற்றம் வால்விலோ காஸ்கெட்டிலோ இருக்கலாம். காஸ்கெட் மாற்றுவது ஒப்பளவில் சிறு செலவு. சிலிண்டரைக் கடைந்து புதிய பிஸ்டன் பொருத்துவது பெருஞ்செலவு.

என் வண்டிக்கு நேர்ந்தது இரண்டாவதே. அப்படியே விற்றால் 60,000 ரூபாய் கிடைக்கும். செப்பனிட 45,000 ரூபாய் ஆகும். செப்பனிட்டு விற்றால் 90,000 ரூபாய்தான் வரும். ஆகவே விற்பதற்காகச் செப்பனிடுவது 15,000 ரூபாய் நஷ்டம். வைத்துக்கொள்வதானால் கணக்கு வேறு. கையில் வரக்கூடிய 60,000 ரூபாயையும் சேர்த்து, இவ்வண்டியின் உண்மை விலை 1,05,000 ரூபாய். முன்பு செலவழித்த பணம் இக்கணக்கில் சேராது; அது எவ்வழியிலும் திரும்பாது.

அத்தொகைக்கு இதைவிட நம்பத்தக்க வண்டி கிடைக்குமா என்பதே கேள்வி. என் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வண்டி வழியில் நின்றுவிடலாகாது. இதன் அடிச்சட்டம் துருவேறவில்லை, பிரேக்குகள் உறுதியானவை. பிறர் விற்கும் பழைய வண்டியின் உட்புறத்தை நான் அறியேன். ஆதலால் செப்பனிடத் துணிந்தேன். அடிச்சட்டம் துருப்பிடித்திருந்தால், தயங்காமல் விற்றிருப்பேன்.