பிஎஃப் வரலையா? ஹெச்ஆருக்கு இப்படி மெயில் போடுங்க!

சம்பள ஸ்லிப்ல பிஎஃப் பிடிச்சிருக்காங்க, பாஸ்புக்ல ஏறவே இல்ல. என் முதல் வேலையில மூணு மாசம் இப்படித்தான் ஓடுச்சு. "சார், பிஎஃப் கொஞ்சம் பாருங்க"ன்னு ஹெச்ஆருக்கு வாட்ஸ்அப் போட்டேன். "பாக்கறேன்பா"ன்னார். அவ்ளோதான். எந்த மாசம், எவ்வளவுன்னு நான் சொல்லவே இல்லையே, அவர் எதைப் பாப்பார்?

ஜூலை கடைசியில மெயில் போட்டேன். சப்ஜெக்ட்: 'ஏப்ரல்–ஜூன் பிஎஃப் வரவு இல்லை'. உள்ளே இவ்வளவுதான்:

"ஏப்ரல் முதல் ஜூன் வரை என் சம்பளத்தில் மாதம் ரூ.1,800 பிஎஃப் பிடிக்கப்பட்டுள்ளது. பாஸ்புக்கில் வரவு இல்லை. இரண்டையும் இணைத்துள்ளேன். எந்தத் தேதிக்குள் கட்டப்படும் என வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்."

ஒரு மாசப் பிஎஃப்பை அடுத்த மாசம் 15-ம் தேதிக்குள்ள கம்பெனி கட்டியாகணும். இதையும் ஒரு வரி சேர்க்கலாம், ஆனா மிரட்டலா வேண்டாம். (கோபத்துல எழுதின முதல் ட்ராஃப்டை, நல்லவேளை, நான் அனுப்பல!)

மூணாவது நாள் தேதியோட பதில் வந்துச்சு. ஆகஸ்ட்லயே மூணு மாசப் பணமும் ஏறிடுச்சு.

பதிலே வரலைன்னா, இபிஎஃப்ஓவோட புகார் தளத்துல பதிவு பண்ணலாம். அப்போ இந்த மெயிலையும் ஆதாரமா இணைச்சிடுங்க. அதை எப்படிப் பண்றதுன்னு வீடியோவுல காட்டியிருக்கேன்.