பிரஷர் மாத்திரையும் யோகாசனமும்

டீயைக் குடிம்மா, நிதானமாகப் பேசலாம். ஏழாம் மாதச் செக்கப்பில் பி.பி. 140/90 வந்துவிட்டது, யோகா செய்தால் இறங்கிவிடுமா என்று கேட்கிறாய். யோகா நல்லதுதான். ஆனால் இந்தப் பிரஷர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அது எதுவரை உதவும் என்பது புரியும்.

20 வாரத்துக்குப் பிறகு புதிதாக பி.பி. ஏறி, நான்கு மணி நேரமாவது கழித்து மறுபடி பார்த்தாலும் 140/90-ஐத் தொட்டால் அது கர்ப்பகால ரத்த அழுத்தம். கூடவே சிறுநீரில் புரதம் போனாலோ, கல்லீரலோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டாலோ அதை ப்ரீஎக்ளாம்ப்சியா என்பார்கள். அதில் பெரும்பங்கு நஞ்சுக்கொடிக்கு. ஆரம்ப மாதங்களில் கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்கள் நன்றாக அகன்று கொடுக்க வேண்டும். அகலாவிட்டால், தூர்வாராத வாய்க்காலின் கடைமடை வயல்போல நஞ்சுக்கொடி வாடும். அப்போது அது தாயின் ரத்தத்தில் விடும் பொருட்கள் உடம்பெங்கும் ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. நீ கவலைப்பட்டதால் வந்தது என்று யார் சொன்னாலும் உன்னை நொந்துகொள்ளாதே.

மூச்சுப் பயிற்சி மனதை அமைதிப்படுத்தும், தூக்கம் வரவைக்கும். நஞ்சுக்கொடியில் தொடங்கிய கோளாறை அது சரிசெய்யாது. அதனால் டாக்டரிடம் கேட்காமல் எந்த ஆசனமும் வேண்டாம். ப்ரீஎக்ளாம்ப்சியா என்று தெரிந்தால் உடற்பயிற்சியை நிறுத்தச் சொல்வார்கள். டாக்டர் சம்மதித்தால், இடப்பக்கம் சாய்ந்து படுத்து, மெதுவாக மூச்சை இழுத்து விடு. மூச்சை அடக்கும் கும்பகம், வேகமாக மூச்சுவிடும் கபாலபாதி, பஸ்திரிகா, தலைகீழ் ஆசனங்கள் கூடாது. நெடுநேரம் மல்லாந்து படுக்கவும் கூடாது. கர்ப்பப்பையின் பாரம் இதயத்துக்குத் திரும்பும் பெரிய ரத்தக்குழாயை அமுக்கும்.

லேபெட்டலால், நிஃபெடிபின் போன்ற பிரஷர் மாத்திரைகளைக் கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவருகிறார்கள். குழந்தைக்கு ஆகாதோ என்று பயந்து நீயாக நிறுத்திவிடாதே.

விடாத தலைவலி, கண் மங்கல், வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத்திணறல், முகமும் கையும் திடீரென வீங்குவது: இவற்றில் ஒன்று வந்தாலும், மேல் எண் 160-ஐயோ கீழ் எண் 110-ஐயோ தொட்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம். பிரசவம் ஆனதும் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்காதே; அதற்குப் பிறகும் சில வாரங்கள் பி.பி. ஏறலாம். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும்போதெல்லாம் உன் பி.பி.யையும் பார்க்கச் சொல்.