எச்.ஐ.வி. உள்ளவருக்கும் ஒரு குடும்ப டாக்டர் வேண்டும்

எங்கள் அறக்கட்டளையில் மருத்துவ உதவி கேட்டு வருபவர்களில் சிலர் கதவைச் சாத்திய பிறகுதான் பேசத் தொடங்குகிறார்கள். அப்படி வந்த ஒரு சகோதரி, சாதாரணக் காய்ச்சலுக்குக்கூட தெருமுனை டாக்டரிடம் போவதில்லை என்றார். இரண்டு பஸ் மாறி, அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்துக்கே போகிறாராம். விஷயம் ஊரில் தெரிந்துவிடுமோ என்ற பயம்.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசமாக வழங்கி வருகிறது. அதைத் தவறாமல் சாப்பிடுகிறவர்கள் பேரன் பேத்தி எடுக்கும்வரை நலமாக வாழ்கிறார்கள். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம் கணவனுக்கோ மனைவிக்கோ தொற்றுவதில்லை. ஆனால் வயது ஏறினால் அவர்களுக்கும் சர்க்கரை வரும், பிரஷர் வரும், மூட்டு வலிக்கும். ஏ.ஆர்.டி. மையம் கிருமியைப் பார்த்துக்கொள்கிறது. மற்றவற்றுக்கு அருகில் ஒரு டாக்டர் வேண்டும். அவருக்கு உண்மை தெரிந்திருக்கவும் வேண்டும்.

ஏன் தெரிய வேண்டும்? இப்போது பெரும்பாலோர் சாப்பிடும் ஒற்றை மாத்திரையில் டோலுடெக்ராவிர், டெனோஃபோவிர், லாமிவுடின் ஆகிய மூன்று மருந்துகள் இருக்கின்றன. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட், டோலுடெக்ராவிர் உடம்பில் சேருவதைத் தடுக்கும். எனவே ஆன்டாசிட்டுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் இந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் எடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே இடைவெளி தேவை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினின் அளவு ரத்தத்தில் கூடும் என்பதால், டாக்டர் அதன் டோஸைப் பார்த்துத் தர வேண்டும். டெனோஃபோவிர் சாப்பிடுபவர் கடையில் தானாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். விவரம் தெரியாத டாக்டர் இதையெல்லாம் எப்படித் தவிர்ப்பார்?

எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது காசநோய்தான். இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம் பார்க்கலாம் என்று காத்திராமல் சளிப் பரிசோதனைக்குப் போய்விட வேண்டும். பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஆறு மடங்கு அதிகம். அதற்கான பரிசோதனையை நம் வீட்டுப் பெண்கள் கூச்சத்தால் தள்ளிப்போடுவது எங்களுக்குப் பெரிய கவலை.

ரமழானில் மாத்திரையை விட்டுவிடுபவர்களும் உண்டு. தினம் ஒருவேளை மருந்துதான். இஃப்தாருக்குப் பிறகு சாப்பிடலாம். நேரத்தை மாற்றுமுன் ஏ.ஆர்.டி. டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி சிகிச்சை மறுப்பதையும், சம்மதமின்றி அதை வெளியில் சொல்வதையும் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் தடுக்கிறது. 1097 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

அந்தச் சகோதரியை அருகிலுள்ள டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். அவர் முதலில் கேட்டது, "மாத்திரை அட்டை கொண்டு வந்திருக்கீங்களா, காட்டுங்கம்மா" என்பதுதான். அப்படி யாரேனும் துணைக்கு வேண்டுமென்றால் எங்களிடம் வாருங்கள். கதவைச் சாத்திப் பேச அலுவலகத்தில் தனி அறை இருக்கிறது.