காருக்குள் ஒரு வண்ணப்பெட்டி! குடும்பப் பயணத்தில் பிறந்த ஓவியங்கள் தெரியுமா?

வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத், காஞ்சிபுரம் என்று குடும்பத்தோடு காரில் போகிறீர்களா? ஜன்னலுக்கு வெளியே கார் கம்பெனிகள், கண்டெய்னர் லாரிகள், நடுநடுவே பளபளக்கும் ஏரிகள்! காரை ஓரங்கட்டி இதை வரைந்தால் என்ன என்று யோசித்ததுண்டா? நம் பக்கத்தில் இருநூறு வருடங்களுக்கு முன்பே குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வரைந்திருக்கிறார்கள்!

1800 மார்ச். மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவின் மனைவி ஹென்ரியட்டா, பதின்மூன்றும் பன்னிரண்டும் வயதான இரண்டு மகள்களோடு பயணம் கிளம்பினார். திப்பு சுல்தான் வீழ்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்போதுதான் யானைகள், பொதிமாடுகள், நூற்றுக்கணக்கான ஆட்கள் புடைசூழ ஒரு தாயும் மகள்களும் வேலூர், பெங்களூரு, ஸ்ரீரங்கப்பட்டணம் என்று சுற்றிவிட்டு, திருச்சி, தஞ்சாவூர், தரங்கம்பாடி வழியாக அக்டோபரில் திரும்பினார்கள். ஆயிரம் மைலுக்கும் மேல்! கூடவே யார் போனது தெரியுமா? அன்னா டொனெல்லி என்ற இத்தாலிய ஓவியர். பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபடியே வழிநெடுக வரைந்தார். அரியணையில் திப்பு அமர்ந்திருப்பதாக அவர் தீட்டிய படம் இன்றும் வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டையில் இருக்கிறது. இளைய மகள் ஷார்லட் வழியெல்லாம் நாட்குறிப்பு எழுதினாள். பின்னாளில் விக்டோரியா இளவரசிக்கே ஆசிரியை ஆனவள் இவள்தான்!

இவர்களுக்கும் முன்னால் வந்தவர்கள் ஒரு சித்தப்பாவும் அண்ணன் மகனும். தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1785இல் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியபோது வில்லியமுக்குப் பதினைந்து பதினாறு வயதுதான். கல்கத்தாவில் தங்கள் ஓவியங்களைக் குலுக்கல் சீட்டில் விற்று, அந்தப் பணத்தில் 1792இல் தென்னாட்டுப் பயணத்தைத் தொடங்கினார்கள். கேமரா அப்ஸ்கூரா என்ற இருட்டுப் பெட்டியில் காட்சி தாளின் மேல் விழும். அதைப் பென்சிலால் பிடித்துவிடுவார்கள். மாமல்லபுரமும் மதராஸும் இடம்பெற்ற அவர்களுடைய அச்சுப்படங்கள் மொத்தம் 144. நம் கோயில்களும் கோட்டைகளும் அன்று எப்படி இருந்தன என்று தேடுகிறவர்கள் இன்றைக்கும் அந்தப் படங்களைத்தான் புரட்டுகிறார்கள்.

எண்ணெய் வண்ணத்தை அந்தக் காலத்தில் எதில் கட்டி வைத்தார்கள் தெரியுமா? பன்றியின் சிறுநீர்ப்பையில்! 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற ஓவியர் தகர டியூபைக் கண்டுபிடித்த பிறகுதான் வெளியில் போய் எண்ணெய் வண்ணம் தீட்டுவது எளிதானது. 1874இல் காஞ்சிபுரமும் மாமல்லபுரமும் பார்த்துப் போன ஆங்கிலேய ஓவியர் எட்வர்ட் லியர் இன்னும் சுலபமான வழி வைத்திருந்தார். இடத்தில் பென்சில் கோடு போட்டு, எந்த இடத்தில் என்ன நிறம் என்று அதன்மேலேயே எழுதிக்கொள்வார். வண்ணம் தீட்டுவது பிறகு! பிள்ளைகள் "போலாம்ப்பா" என்று நச்சரிக்கும் பயணத்துக்கு இதைவிட நல்ல உபாயம் உண்டா?

இனி நம் ஊருக்கு வாருங்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்தால் 24 அடி ஆழம், 364.5 கோடி கன அடித் தண்ணீர்! வரைகிறவர்களுக்கு இது வரம். தூரத்துப் பனைமரங்கள் வெளிறி நீலம் பூத்துத் தெரிகின்றனவே, ஏன்? இடையில் இருக்கும் காற்றும் ஈரமும் தூசியும் ஒளியைச் சிதறடிப்பதால்தான். எட்ட இருப்பதற்கு நீர்த்த வண்ணம், கிட்ட இருப்பதற்கு அடர்ந்த வண்ணம்: காட்சிக்கு ஆழம் வந்துவிடும். வெயில் ஏறினால் நீர்வண்ணம் தூரிகை வைத்தவுடனே காய்ந்துவிடும். அதனால் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஆலைக் கூரையை விட்டுவிடாதீர்கள், அதையும் வரையுங்கள். வேகமாக மாறிக்கொண்டிருக்கும் மண் இது. இன்று உங்கள் மகள் வரையும் ஏரியும் கூரையும் நாளை இந்த இடத்தின் சாட்சி ஆகலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் மட்டும் வேண்டாம். பத்திரமான நிழலாகப் பார்த்து உட்காருங்கள், தேதியையும் ஊரின் பெயரையும் படத்தின் மூலையில் எழுத மறக்காதீர்கள்!