நம் ரத்தமே மூட்டுவலிக்கு மருந்தா? கடன் எடுக்கும் முன் தெரிந்துகொள்வோம்!



சென்ற மாதம் நாங்கள் போயிருந்த ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு கடன் விண்ணப்பம் வந்தது. 52 வயது உறுப்பினர். பத்து வருடமாகச் சேமிப்பு தவறாதவர். கேட்ட தொகை 45,000 ரூபாய். காரணம் என்ற இடத்தில் "முழங்கால் ஊசி" என்று எழுதியிருந்தது.

"ஜவ்வு தேஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க மேடம். நம்ம ரத்தத்தையே எடுத்து, மெஷின்ல சுத்தி, திரும்ப மூட்டுல போடுவாங்களாம். மூணு ஊசியில ஜவ்வு புதுசா வளந்துருமாம்" என்று சொல்லி, ஒரு நோட்டீசைக் காட்டினார்.

குழுவில் பாதிப் பேர் கொடுக்கலாம் என்றார்கள். மீதிப் பேர் "இது நெசந்தானா?" என்று எங்களைப் பார்த்தார்கள். அன்றைக்கு எங்களுக்கும் முழுப் பதில் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறோம், ஒரு மாதம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை எல்லாக் குழுக்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

பிளேட்லெட் என்றால் என்ன?

டெங்கு காய்ச்சல் வந்தால் "தட்டணு குறைஞ்சிருச்சு" என்று சொல்வார்களே, அந்தத் தட்டணுதான் பிளேட்லெட். குண்டூசித் தலையளவு ரத்தத்தில், அதாவது ஒரு மைக்ரோ லிட்டரில், சாதாரணமாக ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும்.

கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிளேட்லெட்டுகள் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி, ரத்தம் வெளியேறும் வாயை அடைக்கின்றன. பிறகு தம்மிடமுள்ள சில பொருட்களை வெளியே விடுகின்றன. புதுத் திசு வளர உதவும் பொருட்கள் அவை. காயத்தை ஆற்றுகிற இந்தப் பொருட்களைத் தேய்ந்த மூட்டுக்குள் நிறையக் கொடுத்தால் என்ன என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை.

எப்படிச் செய்கிறார்கள்?

கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். அது உறையாமலிருக்க மருந்து கலந்து, வேகமாகச் சுழலும் மெஷினில் வைப்பார்கள். தயிரைக் கடைந்தால் வெண்ணெய் தனியே பிரிகிற மாதிரி, ரத்தமும் பிரியும். கனமான சிவப்பணு அடியில் தங்கும். மஞ்சள் நீர் மேலே நிற்கும். அதில் பிளேட்லெட் அதிகமுள்ள பகுதியை மட்டும் எடுத்து, சில மில்லி அளவு மூட்டுக்குள் ஊசியாகப் போடுவார்கள். இதைச் சுருக்கமாக பி.ஆர்.பி. என்பார்கள். சில நோட்டீசுகளில் இதையே ஸ்டெம் செல் என்று போடுகிறார்கள். அது தவறு. இரண்டும் வேறு வேறு.

நம் ரத்தமே என்பதால் ஒவ்வாமை வருவது அரிது. ஊசி போட்ட இரண்டு மூன்று நாள் வலியும் வீக்கமும் இருக்கலாம். ஆனால் காய்ச்சல் வந்தாலோ, மூட்டு சிவந்து கொதித்தாலோ கிருமி புகுந்திருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஜவ்வு வளருமா?

2013-ல் சண்டிகரிலுள்ள மத்திய அரசின் பெரிய மருத்துவ நிறுவனம் 78 பேரிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. சிலருக்கு இந்த ஊசி, சிலருக்கு வெறும் உப்புநீர் ஊசி. பிளேட்லெட் ஊசி போட்டவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே வலி குறைந்தது. 6-வது மாதத்தில் அந்தப் பலன் சற்று குறையத் தொடங்கியது.

2021-ல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் செய்த பெரிய ஆய்வு வெளிவந்தது. எல்லோரும் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். வாரம் ஒன்றாக மூன்று ஊசி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பிளேட்லெட் ஊசி போட்டவர்களுக்கும் வலி குறைந்திருந்தது, உப்புநீர் ஊசி போட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருந்தது! ஜவ்வின் அளவையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

உப்புநீருக்கு வலி எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். மூட்டுவலி எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை, ஏறும், இறங்கும். மருந்து போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையும் வலியைக் குறைக்கும். இதனால்தான் "பக்கத்து ஊர் அக்காவுக்கு சரியாச்சு" என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடிவதில்லை.

மருத்துவர்களிடமும் ஒரே கருத்து இல்லை. அமெரிக்க மூட்டு வாத மருத்துவர் சங்கம் 2019-ம் ஆண்டு வழிகாட்டியில் முழங்கால் தேய்மானத்துக்கு இது வேண்டாம் என்றது. அங்குள்ள எலும்பு அறுவை மருத்துவர் சங்கமோ 2021-ல் வலியைக் குறைக்கலாம், ஆனால் ஆதாரம் குறைவு என்றது. சுருக்கமாகச் சொன்னால், சிலருக்குச் சில மாதம் வலி குறையலாம். தேய்ந்த ஜவ்வு புதிதாக வளரும் என்பதற்கு நிரூபணம் இல்லை.

சிகிச்சையை மேம்படுத்த என்ன செய்கிறார்கள்?

குழம்பு என்று பேர் ஒன்றுதான். ஆனால் வீட்டுக்கு வீடு ருசி வேறு. பி.ஆர்.பி.யும் அப்படித்தான். ஒரு இடத்தில் ஒருமுறை சுற்றுகிறார்கள், இன்னொரு இடத்தில் இருமுறை. சிலர் வெள்ளையணுவை நீக்குகிறார்கள், சிலர் விட்டுவிடுகிறார்கள். ஊசிக்குள் எத்தனை பிளேட்லெட் போகிறது என்று பல இடங்களில் எண்ணிப் பார்ப்பதே இல்லை. ஆஸ்திரேலிய ஆய்வில் பிளேட்லெட் அடர்த்தி போதவில்லை என்று குறை சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அதனால்தான் இப்போது எண்ணிக்கையை அளந்து, ஒரு ஊசியில் 1,000 கோடி பிளேட்லெட் கொடுத்தால் பலன் கூடுமா என்றெல்லாம் ஆராய்கிறார்கள். ஆய்வு இன்னும் நடக்கிறது.

முதலில் செய்ய வேண்டியவை

1. தொடைத் தசைப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை. மற்ற பயிற்சிகளை அரசு மருத்துவமனை பிசியோதெரபியில் சொல்லித் தருவார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பயிற்சி தருகிறார்கள்.

2. எடை கூடுதலாக உள்ளவர்கள் குறைக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்கால் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது.

3. குத்த வைத்துச் செய்கிற வேலைகளுக்கு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள்.

4. கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடாதீர்கள். வயிற்றுப் புண்ணும் கிட்னிக் கோளாறும் வரும்.

5. மூட்டு மிகவும் தேய்ந்து நடக்கவே முடியாதவர்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்ய முடியுமா என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

ஊசிதான் என்று முடிவு செய்தால், கேட்க வேண்டிய கேள்விகள்

* எக்ஸ்ரேயில் தேய்மானம் எவ்வளவு? ஆரம்பமா, முற்றியதா?
* ஊசி போடுபவர் எலும்பு மூட்டு மருத்துவம் படித்தவர்தானா?
* பிளேட்லெட் எண்ணிக்கை அளப்பீர்களா? எழுதித் தருவீர்களா?
* ஊசியும் குழாயும் புதிதுதானா, என் கண் முன்னால் பிரிப்பீர்களா? 2018-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஒரு அழகு நிலையத்தில், சொந்த ரத்தத்தை முகத்தில் ஊசியாகப் போட்டுக்கொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. ரத்தம் நம்முடையதாக இருந்தாலும் ஊசி சுத்தமாக இருக்க வேண்டும்.
* மொத்தச் செலவு எவ்வளவு? பலன் இல்லையென்றால் அடுத்து என்ன?

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது.

நம் கணக்கையும் பார்ப்போம்

45,000 ரூபாய் கடனை 24 மாதத்தில் அடைப்பதானால் அசல் மட்டும் மாதம் 1,875 ரூபாய். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் முதல் மாத வட்டி 450 ரூபாய். ஆக 2,325 ரூபாய். ஊசியின் பலன் ஆறு மாதத்தில் குறைந்துவிட்டால், மீதி 18 மாதம் வலியோடுதான் தவணை கட்ட வேண்டியிருக்கும்.

இந்த மாதக் கூட்டத்தில் இதையெல்லாம் வாசித்துக் காட்டினோம். வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கால் அவருடையது, முடிவும் அவருடையது. கொஞ்ச நேரம் யோசித்த அந்த உறுப்பினர், "முதல்ல பெரியாஸ்பத்திரியில காட்டி, மூணு மாசம் பயிற்சி செஞ்சு பாக்குறேன். அதுவரைக்கும் விண்ணப்பம் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று ஊக்குநரிடம் சொன்னார். குழுவும் அப்படியே தீர்மானம் எழுதியது.

உங்கள் குழுவிலும் மூட்டுவலியோடு சகோதரிகள் இருப்பார்கள். அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தை அவசியம் வாசித்துக் காட்டுங்கள். நோட்டீஸ் எதுவும் கையில் வந்தால், கடன் எழுதும் முன் எங்களிடம் காட்டுங்கள். சேர்ந்தே விசாரிப்போம்!