பார்த்ததும் பகிராதீர்கள்: பழையனூர்க் கதை சொல்லும் பாடம்

திருவாலங்காட்டுக்கு வருகிறவர்கள் இரத்தின சபையில் ஆடும் வடாரண்யேசுவரரைத் தரிசித்து, அவர் காலடியில் இருந்து பாடிய காரைக்கால் அம்மையாரையும் வணங்கித் திரும்புவார்கள். பக்கத்துப் பழையனூரின் நீலி கதை இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு மனப்பாடம்.

பழிவாங்க வந்த நீலி என்ற பேய், ஒரு வணிகனின் மனைவி போல உருவெடுத்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச் சபையில் நின்று அழுதாள். "இவள் என் மனைவியே இல்லை" என்று வணிகன் கதறினான். குழந்தை அவனை அப்பா என்று அழைத்ததும் சபை உருகிவிட்டது. அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் நாங்களும் உயிர் விடுவோம் என்று எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுத்து, அன்றிரவு அவனை அவளோடு தங்க வைத்தார்கள். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் அல்லர். கண்ணீரைக் கண்டு இரங்கினார்கள், ஆனால் விசாரிக்கவில்லை. இன்று நம் கைப்பேசியில் நடப்பதும் இதுவே. ஒரே வேறுபாடு, அவர்கள் தம் சொல்லுக்குப் பொறுப்பேற்றார்கள். நாம் "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்று ஒதுங்கிக்கொள்கிறோம்.

நம் மாவட்டத்திலேயே நடந்தது

2018-ல் குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் புகுந்துவிட்டதாக வடமாவட்டங்கள் முழுவதும் வாட்ஸ்அப்பில் வீடியோக்களும் குரல் பதிவுகளும் பரவின. அந்த மே மாதம் திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில், தெருவில் சுற்றித் திரிந்த ஒருவரை அந்தச் சந்தேகத்தில் ஒரு கூட்டம் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. அதே வாரத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் இதே வதந்திக்குப் பலியானார்கள்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி இரு மாநிலங்களையும் பதற வைத்தன. திருவாலங்காடு ஆந்திர எல்லையோரம் இருக்கிறது. இங்கே தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும். பக்தர்களும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் இந்தப் பக்கம் வந்து போகிறார்கள். வேற்று மொழி பேசும் அந்நியர் மேல் வதந்தி முதலில் பாயும் என்பதால் நமக்கு எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

படிப்பு எங்கே தடுமாறுகிறது?

குறை அறிவில் இல்லை, படிக்கும் வேகத்தில் இருக்கிறது. 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளை ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் பங்கேற்றவர்கள் 1,70,000-க்கும் மேல். திரையில் படித்தவர்களை விடத் தாளில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அவசரத்தில் படிக்கும்போதும், தகவல் சொல்லும் கட்டுரைகளைப் படிக்கும்போதும் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. விரலால் தள்ளிக்கொண்டே போகும் கண், வாக்கியத்தின் மேல் நிற்பதில்லை.

2018-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வொன்று, டுவிட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அலசியது. உண்மையை விடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம் என்று அது கண்டது. பொய்யை அப்படிப் பரப்பியவை தானியங்கிக் கணக்குகள் என்று பழிபோட முடியவில்லை. புதுமையும் அதிர்ச்சியும் கண்ட மனிதர்களே பரப்பினார்கள்.

இதற்கு மாற்று நம் மண்ணிலேயே இருக்கிறது. 1905-ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், இராசேந்திர சோழன் பழையனூரை வடாரண்யேசுவரர் கோயிலுக்கு அளித்ததைச் சொல்கின்றன. ஒரு ஊரைக் கொடுத்த செய்திக்கு 31 ஏடுகள்! அரசன் எந்த ஆட்சியாண்டில் ஆணையிட்டான், எந்தெந்த அதிகாரிகள் அதை நிறைவேற்றினார்கள், எல்லை எங்கே என்றெல்லாம் அவற்றில் பதிந்திருக்கிறது. கைக்கு வரும் ஒவ்வொரு செய்தியிடமும் இதையே கேளுங்கள்: சொன்னவர் யார்? எப்போது? எந்த ஊரில்? மூன்றில் ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது உங்களோடு நிற்கட்டும்.

உங்கள் உரிமை, உங்கள் எல்லை

• கருத்துச் சொல்வது அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் உரிமை. பதிவுகளுக்காக ஆட்களைக் கைது செய்ய வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 66ஏ-வை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. அரசை விமர்சிப்பது குற்றமல்ல.

• பீதியைக் கிளப்பும் பொய்யையோ வதந்தியையோ பரப்புவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 353-ன்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரியது. உண்மை என்று நம்பத் தக்க காரணத்தோடு, நல்லெண்ணத்தில் சொன்னவருக்கு விலக்கு உண்டு.

• இனம், சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணத்துக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொலை செய்தால், அதே சட்டத்தின் பிரிவு 103(2)-ன்படி ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை.

• குரூப் அட்மின் என்பதற்காக மட்டும், உறுப்பினர் போட்ட பதிவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. ஆனால் தவறான பதிவை நீக்குவது அட்மினின் அறக்கடமை.

என்ன செய்யலாம்?

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி ஏற்கெனவே குறைந்தது ஐந்து முறை கைமாறியது. அதை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். 2018-ன் கொலைகளுக்குப் பிறகு வந்த கட்டுப்பாடுகளின் தொடர்ச்சி இது. அந்தக் குறியைக் கண்டால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெளியூர்க்காரரைக் கூட்டம் சூழ்ந்தால் 112-ஐ அழையுங்கள். குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098. இணையத்தில் பணம் பறிபோனால் உடனே 1930. இலவசச் சட்ட உதவிக்கு 15100. கும்பல் வன்முறையைத் தடுக்க மாவட்டந்தோறும் மூத்த காவல் அதிகாரி ஒருவரைப் பொறுப்பாக்கவும், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டுத் திட்டம் வகுக்கவும் உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 17 அன்று உத்தரவிட்டிருக்கிறது. அந்த நிவாரணத்தைக் கேட்டுப் பெற உரிமை உண்டு.

இணையத்தை விலக்கச் சொல்லவில்லை. காரைக்கால் அம்மையாரின் பாடல்களை மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம். பழைய நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் புரட்டலாம். பிள்ளைகளுக்குக் கைப்பேசியைக் கொடுக்கும்போது இந்த வாசல்களையும் சேர்த்துக் காட்டுங்கள். நாளும் அரை மணி நேரம் தாளில் படிக்கப் பழக்குங்கள்.

1948-ன் பொது நூலகச் சட்டப்படி நம் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். ஆகவே நல்ல நூலகம் நாம் பணம் கொடுத்துப் பெற்ற உரிமை. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: நூலகம் மாலையில் திறந்திருக்கிறதா, நாளிதழ் வருகிறதா, வதந்தி கிளம்பினால் ஊருக்கு உண்மையைச் சொல்வது யார் பொறுப்பு? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் வாங்கித் தீர்மானமாக எழுத வைத்த ஊரில் பொய் அவ்வளவு சுலபமாக நுழைய முடியாது.