பழைய டி.வி.யில் வீடியோ கேம்: விற்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

மளிகை வியாபாரிகளின் இதழில் வீடியோ கேமுக்கு என்ன வேலை என்று உறுப்பினர்கள் சிலர் நினைக்கலாம். நம் கடைகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் பதில் கிடைத்துவிடும். பருப்பு மூட்டைகளுக்கு மேலே, கல்லாவுக்கு எதிரே உள்ள கொக்கிகளில் சார்ஜரும், டார்ச்சும், பேட்டரியும், விளையாட்டுச் சாமான்களும் தொங்குகின்றன. கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழா, தீபாவளி, கோடை விடுமுறை வந்தால் டி.வி.யில் மாட்டி விளையாடும் வீடியோ கேமும் அதே கொக்கிக்கு வந்துவிடுகிறது. இதில் லாபம் உண்டு. விற்ற சரக்கு திரும்பி வரும் தொல்லையும் உண்டு.

நமக்கு நேர்ந்ததையே சொல்கிறோம். வேடசந்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் தம் மகனுக்காகக் குச்சி வடிவிலான வீடியோ கேம் ஒன்றை வாங்கிச் சென்றார். மறுநாளே பஸ் ஏறி வந்து, "படமே வரலீங்க அண்ணாச்சி" என்றார். கடையில் இருந்த எல்.இ.டி. டி.வி.யில் மாட்டிக் காட்டினோம், நன்றாக ஓடியது. சரக்கில் குறையில்லை என்று அனுப்பிவிட்டோம். இரண்டு நாள் கழித்து மீண்டும் வந்தார். அவர் வீட்டில் இருப்பது அரசு கொடுத்த 14 அங்குல டி.வி. என்பதை அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஒரு கன்வெர்ட்டரை எடுத்துக் கொடுத்து அதற்கும் பணம் வாங்கினோம். அதுவும் பொருந்தாத கன்வெர்ட்டர். மூன்றாம் முறை வந்தவர் சத்தம் போடவில்லை. "மூணு நாள் கூலி போச்சுங்க" என்று மட்டும் சொன்னார். சரக்கின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். போன கூலியை யார் கொடுப்பது?

"உங்கள் டி.வி.யின் பின்னால் என்னென்ன துளைகள் இருக்கின்றன?" என்று முதல் நாளே கேட்டிருந்தால் இத்தனையும் நேர்ந்திராது. அந்தக் கேள்விக்கு வரும் பதில் மூன்று வகைப்படும்.

முதல் வகை: ஆன்டெனா துளை மட்டும் உள்ள டி.வி.

கொடைக்கானல் கோபுரத்தின் ஒளிபரப்புக்காக மாடியில் ஆன்டெனா நட்ட காலத்து செட்டுகள் இவை. ஜப்பானில் 1983-இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட விளையாட்டுப் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள், 1990-களில் நம் கடைவீதிகளுக்கும் வந்தன. கேசட் செருகி ஆடும் அந்தப் பெட்டிகளில் ஆன்டெனா துளைக்கான ஆர்.எப். வயர் உண்டு. அதை மாட்டி, டி.வி.யில் சேனல் தேடிப் பிடித்தால் படம் வரும். ஏ.வி. வயர் மட்டும் உள்ள பெட்டிக்கு இடையில் ஆர்.எப். மாடுலேட்டர் என்ற கருவி தேவை.

இரண்டாம் வகை: மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் உள்ள டி.வி.

தமிழக அரசு 2006 முதல் 2011 வரை வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகளில் பல இந்த வகையே. மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. ஒலிக்கு ஒரே துளை இருந்தால் வெள்ளையை மாட்டினால் போதும். பிறகு ரிமோட்டில் ஏ.வி. பொத்தானை அழுத்த வேண்டும். ரிமோட் தொலைந்துபோன வீடுகளில் முன்பக்கப் பொத்தானால் சேனலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். பல செட்டுகளில் அதுவே ஏ.வி. ஆகும். கையடக்க கேம்களுடன் வரும் மெல்லிய பின் வயரில் வண்ண வரிசை மாறியிருப்பதும் உண்டு. படம் வராவிட்டால் மஞ்சள் துளையில் சிவப்பு வயரை மாற்றிச் செருகிப் பார்க்கலாம்.

மூன்றாம் வகை: எச்.டி.எம்.ஐ. துளை உள்ள டி.வி.

இப்போதைய எல்.இ.டி. டி.வி.கள் இந்த வகை. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4, 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச், மலிவான கேம் குச்சிகள் ஆகியவற்றுக்கு இந்த ஒரு வழிதான். 2000-இல் வெளிவந்து பழைய சாமான் கடைகளில் இன்றும் கிடைக்கும் பிளேஸ்டேஷன் 2-க்கு மூவண்ண வயரே போதும்.

கன்வெர்ட்டரில் கவனம்

எச்.டி.எம்.ஐ. கேமை இரண்டாம் வகை டி.வி.யில் மாட்டத்தான் கன்வெர்ட்டர் வேண்டும். நாம் ஏமாந்த இடமும் இதுவே. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு மாற்றுவது ஒன்று, ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறொன்று. அளவும் நிறமும் ஒன்றுபோலவே இருக்கும். திண்டுக்கல் பூட்டு விற்ற ஊருக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: சாவி துளைக்குள் நுழைவதால் மட்டும் பூட்டு திறந்துவிடாது. பழைய டி.வி.க்கு, எச்.டி.எம்.ஐ. உள்ளே போய் ஏ.வி. வெளியே வருகிறது என்று அச்சிட்ட பெட்டியே வேண்டும். இதற்கு 5 வோல்ட் மின்சாரமும் தேவை. செல்போன் சார்ஜரிலிருந்து கொடுக்கலாம்.

படம் உருண்டுகொண்டே இருந்தாலோ, நிறமின்றிக் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ டி.வி. கெட்டுவிட்டது என்று பொருளல்ல. நம் நாட்டு முறை பி.ஏ.எல்.; 625 கோடுகள், விநாடிக்கு 50 புலங்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையான என்.டி.எஸ்.சி.யில் 525 கோடுகள், ஏறத்தாழ 60 புலங்கள். கன்வெர்ட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சிறு சுவிட்சை பி.ஏ.எல். பக்கம் தள்ளினால் பெரும்பாலும் சரியாகும். புதிய கேம்களின் சிறிய எழுத்துகள் 14 அங்குலத் திரையில் படிக்கச் சிரமமாக இருக்கும் என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது.

வாத்துச் சுடும் துப்பாக்கியுடன் வரும் பழைய கேமில் இதற்கு நேர்மாறு. அந்தத் துப்பாக்கி பழைய குழாய் டி.வி.யின் ஒளியை நம்பி இயங்குவது, எல்.இ.டி. டி.வி.யில் குறி பதியாது. புதிய டி.வி. வைத்திருப்பவரிடம் இதை மறைத்து விற்கக் கூடாது.

இன்னொரு சிக்கல், ஒரே ஒரு ஏ.வி. துளையும் ஏற்கெனவே அடைபட்டிருப்பது. 2017-இல் அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியது முதல் பல வீடுகளில் அந்த வயரே அங்கு இருக்கிறது. வயரை மாற்றி மாற்றிச் செருகினால் துளை தளர்ந்துவிடும். ஏ.வி. செலக்டர் சுவிட்ச் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் அவருக்கு வசதி, நமக்கும் ஒரு வியாபாரம்.

செய்யக் கூடாதவை

பழைய டி.வி.யின் பின்மூடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். வண்ணப் படக்குழாயில் 20,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் உண்டு. அணைத்த பிறகும் அது தங்கியிருக்கும். சில பழைய செட்டுகளில் உள்சட்டத்திலேயே மின்சாரம் பாயும். அவற்றில் புதிதாக ஏ.வி. துளை வைத்தால், கேம் பெட்டியைத் தொடும் குழந்தைக்கே ஆபத்து. தேர்ந்த மெக்கானிக் பார்க்காமல் அந்த வேலை கூடாது.

பில்லும் பொறுப்பும்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் கொடுக்காமல் இருப்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அவ்வாறே. பொருந்தாத பொருள் வேறு, குறையுள்ள பொருள் வேறு என்று நாம் வாதாடலாம். ஆனால் விற்கும்போது நாம் என்ன சொன்னோம் என்ற கேள்வி எழும். ஆகவே வாங்குபவரின் டி.வி. எந்த வகை என்பதைக் கேட்டுப் பில்லிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். துளைகள் தெரியாதவர்களிடம், வீட்டில் இருப்பவர்களைச் செல்போனில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

இப்போது நம் கடையின் பின்கட்டில் பழைய 14 அங்குல டி.வி. ஒன்றை வைத்திருக்கிறோம். நத்தத்திலிருந்து வந்தாலும் நிலக்கோட்டையிலிருந்து வந்தாலும், அதில் மாட்டி ஓட்டிக் காட்டிய பிறகே பணம் வாங்குகிறோம். இரண்டாம் முறை பஸ் ஏறி யாரும் வரவேண்டியதில்லை. வந்தால், அடுத்த சரக்கு வாங்க வரட்டும்.